பேர் போடாத விண்ணப்பம்

திருச்சி ரோட்டில் இருக்கும் எங்கள் ஸ்கேன் சென்டரில் பதினோரு பேர் வேலை பார்க்கிறோம். அதில் ஆறு பேருடைய பாஸ்வேர்டு மாதா பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கம்ப்யூட்டருக்கும் நோயாளிகளின் விவரங்களுக்கும் பொறுப்பு நான். மாதம் ஒரு வகுப்பு எடுப்பேன். அடுத்தவர் லாகினில் நுழையாதே, நோயாளி பற்றிய பேச்சை வாசலோடு விட்டுவிட்டுப் போ என்று தொண்டை வற்றக் கத்துவேன். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

ரிசப்ஷன் ஹாஃபிஸா மட்டும் நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள். எழுதிக்கொள்வதோடு சரி. அவளுடைய பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். கேட்டால், "மறந்து மறந்து போகுதுண்ணே" என்பாள். மூன்று தடவை கிழித்துப் போட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது ரிசப்ஷன் பிரிண்டர் மக்கர் பண்ணியது. ரிப்போர்ட்டுக்கு நின்ற கூட்டம் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. என் லாகினில் போவதென்றால் போனுக்கு ஓடிபி வரும். போன் மாடியில் சார்ஜில் கிடந்தது. மாடி ஏற அலுப்பு. சீட்டை எடுத்தேன், ஹாஃபிஸாவாக உள்ளே போனேன், திரையில் முதலில் நின்ற ரிப்போர்ட்டைச் சோதனைக்கு அடித்துப் பார்த்தேன். பேப்பர் பாதி வந்து சிக்கிக்கொண்டது. வந்த பாதியில் பெயர் இருந்தது: வினோலியா, வயது 27. அதற்குக் கீழே, எதற்காகத் தலை ஸ்கேன் என்ற இடத்தில், 'மயக்கம், வலிப்பு சந்தேகம்.' பேப்பரை உருவி, விதிப்படி பொடியாக்கும் மெஷினில் போட்டேன். அதில் மட்டும் நான் வெகு ஒழுங்கு.

வினோலியா எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவள்தான். பள்ளிக்கூட டீச்சர். போன ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் அவளுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு கல்யாணத்தை அறிவித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்பார்களே, அது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பிடும்போது அம்மா அந்தப் பேச்சைத்தான் எடுத்தாள்.

"வத்தலக்குண்டு மாப்பிள்ளையாம்டா. கொடுத்து வச்ச புள்ள."

"என்னத்தக் கொடுத்து வச்ச புள்ள. வலிப்பு போலம்மா, பாவம். யாருகிட்டயும் சொல்லிராத."

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?" என்று அம்மா வெஞ்சனத்தை அள்ளி வைத்தாள். வகுப்பெடுக்கிற வாயால் அதைச் சொன்னேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலையில் வினோலியா சென்டருக்கு வந்தாள். டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் அறையில் என்னையும் ஹாஃபிஸாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, போனில் யாரோ அவளுக்கு அனுப்பிய செய்தியைச் சத்தமாக வாசித்தாள்.

"நமது அன்பியத்தில் ஓலை வாசிக்கப்பட்ட ஆசிரியை சகோதரிக்கு வலிப்பு நோய் நீங்க ஒருமனதாய் மன்றாடுவோம்."

அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற குழு. எங்கள் அன்பியத்தில் நாற்பத்தாறு வீடு. அதில் ஓலை வாசிக்கப்பட்ட ஆசிரியை ஒரே ஒருத்தி. 'ஒருமனதாய் மன்றாடுவோம்' என்று எழுதுவது யார் என்று எனக்குத் தெரியும்.

"இது வத்தலக்குண்டு வரைக்கும் போயிருச்சு சார்" என்றாள் வினோலியா. "ரெண்டாவது ஓலைய நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஸ்கேன் எடுத்தது எங்க அப்பா அம்மாவுக்கும் இங்க உள்ளவங்களுக்கும் மட்டும்தான் தெரியும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "யாரு பார்த்ததுன்னு எடுப்பா."

எடுத்தேன். திரையில் இருந்ததை வாசித்தேன். "செவ்வாய், மதியம் ஒண்ணு அம்பத்திரெண்டு. ஹாஃபிஸா ஐடி." பொய் சொல்லவில்லை. வாசித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

"அந்நேரம் சாப்பிடப் போயிருந்தேன் சார். சத்தியமா நான் பார்க்கல."

"பாஸ்வேர்டச் சீட்டுல எழுதி வச்சிருந்தியாமே?" என்றார் டாக்டர். முன்பு நானே சொன்ன புகார்தான்.

ஹாஃபிஸா தலையைக் குனிந்துகொண்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்து டீ சொன்னேன், குடிக்க முடியவில்லை. இன்னொரு கடையில் போய் நின்றேன், அங்கேயும் முடியவில்லை. கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மா முன்னால் நின்றேன்.

"பேரு போடலையேடா" என்றாள் அம்மா. "ஆண்டவர்கிட்டத்தான சொன்னேன்."

"ஆண்டவரு எப்பம்மா வாட்ஸ்அப்புக்கு வந்தாரு?" என்று கத்தினேன். கத்தியும் ஆத்திரம் தீரவில்லை. அம்மா மீது இருந்திருந்தால் தீர்ந்திருக்கும்.

திரும்பிப் போனபோது ஹாஃபிஸா மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு, என் வகுப்புக் குறிப்பெழுதிய நோட்டு. அந்த நோட்டைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. டாக்டரும் வினோலியாவும் இருந்த அறைக்குள் அவளையும் கூட்டிக்கொண்டு போய், பிரிண்டரிலிருந்து அம்மா வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"வகுப்பெடுத்தது நீதானப்பா" என்றார் டாக்டர். பிறகு, "ஹாஃபிஸா, நீ போயி உன் சீட்ல உக்காரும்மா. நீ இந்த மாசத்தோட வேற இடம் பார்த்துக்க பிரின்ஸ்." ஹாஃபிஸா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

"ரிப்போர்ட்ட முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்டாள் வினோலியா.

"பாதிதான் வந்துச்சு டீச்சர்."

"மீதியில ஒண்ணுமே இல்லைன்னு இருக்கு. சாப்பிடாமப் போயி வெயில்ல நின்னு மயங்கி விழுந்தேன். அம்புட்டுதான்."

"ஐயோ, நோயே இல்லாமப் போயி..."

"இருந்திருந்தா மட்டும் ஊருக்குச் சொல்லலாமா?"

வினோலியா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அதே குரூப்புல, சொன்னது தப்புன்னு போடச் சொல்லுங்க. அதப் பார்த்துட்டுத்தான் மாப்பிள்ளை வீட்ல முடிவு சொல்லுவாங்களாம்."

சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக நானே சொல்லி அடிக்க வைத்தேன். 'நான் போட்ட தகவல் தவறு. அந்தச் சகோதரிக்கு எந்த நோயும் இல்லை. ரிப்போர்ட் நார்மல்.' மூன்று தடவை படித்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை என்று திருப்தியான பிறகுதான் அனுப்பச் சொன்னேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கை கூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மாதாவே நன்றி. கோடி அற்புதரே நன்றி. நம்ம ஜெபம் வீண் போகல. ரெண்டே நாள்ல சுகம். கடைசியாக ஒருவர் போட்டார்: வினோலியா டீச்சரை அடுத்த கூட்டத்தில், சுகம் பெற்றதைச் சாட்சி சொல்லச் சொல்லுங்கள். அதுவரை குழுவில் யாரும் போடாத பேர்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியாடா, எம்புட்டு சனம் அந்தப் புள்ளைக்காக ஜெபிச்சிருக்கு."

'இல்லை, நோயே இருந்ததில்லை' என்று இன்னொரு செய்தி போட வைத்தேன். அதற்கும் நன்றி, நன்றி என்றே வந்தது. விடிந்தும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

"மாப்பிள்ளையோட அம்மா பேசினாங்க பிரின்ஸ்" என்றாள் வினோலியா. குரலில் கோபம்கூட இல்லை. "சுகமாயிருச்சாமே, சந்தோஷம்னு சொன்னாங்க. எத்தனை வருஷமா இருந்துச்சுன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"