கொப்புளமும் மச்சானும்

கார்க் கதவுக்குக் கீழே, பெயிண்டில் சின்னக் கொப்புளம்தான் தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நம்பித்தான் மருந்துக்கடைக்காரர் தன் வார விடுமுறையைப் பழைய காருக்குத் தாரை வார்த்தார். ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத்தான் குத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தால், துருத்தூளோடு ஈரச் செய்தித்தாள் சுருள் ஒன்று வெளியே வந்தது.

தகரம் இருக்க வேண்டிய இடத்தில் காகிதம்! அதன்மேல் பட்டி, பட்டியின்மேல் பளபளவென்று பெயிண்ட். காரை விற்றவர் மனைவியின் அண்ணன்.

"உங்க அண்ணன் லட்சணத்தப் பாத்தியா?"

"அவரு என்ன பண்ணுவாரு? அவரும் யார்கிட்டயோ வாங்கினதுதானே." பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்க அவளுக்கு என்றைக்குமே மனசு வராது.

போன் போட்டதும் மச்சான் வந்துவிட்டார். குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கா மாப்ளே இந்தக் கத்து கத்தினீங்க? தண்ணி உள்ள போகக்கூடாதுன்னு நான்தான் அடைச்சு வச்சேன். இத்தன நாள் தாங்குச்சுல்ல!"

மனைவி அந்த ஈரக் காகிதச் சுருளை எடுத்துக் குப்பையில் போட்டாள். மருந்துக்கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசினால் உறவு முறியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, துருவேறிய தகரத்தை வெட்டினார். வெட்ட வெட்ட நல்ல தகரம் பின்வாங்கிக்கொண்டே போனது. உதவுகிறேன் பேர்வழி என்று மச்சான் சுத்தியலைத் தூக்கினார். ஒரே போடு, ஒழுங்காயிருந்த விளிம்பும் நசுங்கியது. உடனே அவருக்கு ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

புதுத் தகரத்தை வெட்டி, ரிவிட் அடித்து முடித்தால், கதவைச் சாத்த முடியவில்லை. ரிவிட்டின் தலை இடித்தது. அத்தனையையும் பிடுங்கி, வேறு இடத்தில் துளை போட்டு, மறுபடி முதலிலிருந்து. கட்டைவிரல் கிழிந்தது.

"போதுங்க, விடுங்க. மெக்கானிக்கிட்ட குடுத்திரலாம்."

"விட்டா எனக்குத் தூக்கம் வராதுடி. கதவப் புடி."

அவள் பிடித்துக்கொண்டாள். பொழுது சாயும்போது கதவு ஒருவழியாக இடிக்காமல் சாத்திக்கொண்டது. பெயிண்ட் அடிக்கத் தெம்பில்லை. செந்நிற பிரைமரைப் பூசிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

போன் அடித்தது. மச்சான்.

"முடிஞ்சுதா மாப்ளே? அடுத்த வாரம் வெளியூர் போகணும். காரக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, பஸ்ஸுல போ."

வைத்துவிட்டாள். அவருக்குச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. அவள் உள்ளே போய்ப் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்தாள்.