எறும்பு விட்டுப் பார்த்த பால்

மங்கம்மாளின் பேரன் பால் குடிக்கவில்லை என்ற செய்தி வந்தபோது நான் சாமை குத்திக்கொண்டிருந்தேன். உலக்கையைக் கீழே வைக்கவில்லை. இன்னும் நாலு குத்து வேகமாகக் குத்தினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒன்பது வருஷமாக அந்த வீட்டுக்கு ஏதாவது ஒன்று வராதா என்று காத்திருந்தவள் நான்.

மங்கம்மாள் என் நாத்தனார். என் வீட்டுக்காரர் மாதையனின் அக்கா. இரண்டு வீடு தள்ளித்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு மாமியார் இல்லாத குறையை அவள் ஒருநாளும் வைத்ததில்லை.

எழுபத்து நாலில் எனக்கு முத்தம்மா பிறந்தாள். மார்பில் போட்டால் வாயைத் திறந்து திறந்து பார்ப்பாள், கவ்வ வராது. கவ்வினாலும் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் வந்து நழுவிவிடும். பாலெல்லாம் கடைவாயில் வழியும். என் காம்பு இரண்டும் வெடித்து ரத்தம் கசிந்தது. ஆறாம் நாள் மங்கம்மாள் வந்து கொட்டாங்குச்சியில் என் பாலைப் பீய்ச்சச் சொன்னாள். வாசலில் ஊர்ந்த எறும்பு ஒன்றைப் பிடித்து அதில் விட்டாள். எறும்பு கொஞ்ச நேரம் காலை உதைத்துப் பார்த்தது. அப்புறம் செத்துப்போனது.

"பாத்தீங்களாடி? விசப்பாலு. அதான் கொயந்த வாயே வெக்கல" என்று சுற்றி நின்ற பெண்களிடம் சொன்னாள்.

"எம் பாலு விசமா அண்ணி?" என்று கேட்டேன். மங்கம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பால் வற்றுவதற்கு என் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். அங்கே மங்கம்மாள் என் மகளுக்கு ஆட்டுப்பாலைப் பாலாடைச் சங்கில் ஊற்றினாள். பிள்ளை பிழைத்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் கழித்துத் திருப்பியும் கொடுத்தாள். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றாள். பால் கெட்டவள் கை பட்டால் விதை முளைக்காது என்றாள். அன்றிலிருந்து சாமை விதைப்புக்கு ஊரே கொல்லைக் காட்டுக்குப் போகும், நான் மட்டும் விதைக்கூடையைத் தொடாமல் தண்ணீர்க் குடம் சுமப்பேன். அதையும் பொறுத்துக்கொண்டேன். முத்தம்மாவுக்கு விவரம் தெரிந்ததும் அவளிடமே சொன்னாள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஒங்கம்மா பாலக் குடிச்சிருந்தா நீ அன்னிக்கே செத்திருப்ப. அத்ததான் ஒன்னக் காப்பாத்தினேன்."

அதற்குப் பிறகு என் மகள் என் கையால் ஒரு வாய் சோறு வாங்குவதற்குக்கூட ஒரு நொடி யோசிப்பாள். பெற்றவளுக்கு அந்த ஒரு நொடி போதாதா?

ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவள் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. ரகரமும் லகரமும் வாயிலேயே கரைந்துவிடும். வாத்தியார் சொல்லித்தான் ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ஸ்பூனால் நாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"நாக்குக்கு அடியில இருக்கற சவ்வு நுனி வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருக்கு. பொறந்தப்பவே வெட்டி விட்டிருந்தா நல்லா பால் குடிச்சிருக்கும்."

"அப்ப எம் பாலு?" என்று கேட்டேன்.

"பாலுக்கு என்னம்மா? குழந்தையால நாக்கை நீட்ட முடியல, அவ்வளவுதான்."

ஊசி போட்டு, சவ்வை வெட்டி, இரண்டு தையல் போட்டார்கள். தையல் ஆறிய பிறகு மேல் உதட்டில் மலைத்தேனைத் தடவி நக்கச் சொல்லுவேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நாக்கை மேலே, கீழே, இரண்டு கடைவாய்க்கும் கொண்டுபோகச் சொல்லுவேன். ஆறு மாதம் ஆனது. கடைசியாக வந்தது ரகரம்தான்.

நாக்குதான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னேன். மங்கம்மாள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "நாக்கு வேற, பாலு வேற. எறும்பு செத்தத ஊரே பாத்துச்சு."

இப்போது எண்பத்து மூன்று. அவள் மகள் ராணியம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். ஒன்பதாம் நாள் பேரனைப் பார்க்க ராணியின் மாமியார் செல்லியம்மாள் சந்தவாசலிலிருந்து மலையேறி வந்தாள். நானும் உலக்கையைப் போட்டுவிட்டுப் போனேன். வாசலிலேயே அந்த 'டொக் டொக்' காதில் விழுந்துவிட்டது. குழந்தையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"இன்னா சம்மந்தி, ஒம் பொண்ணு பாலு சரியில்லயா? எறும்பு வுட்டுப் பாத்தியா?" என்றாள் செல்லியம்மாள்.

மங்கம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "அதெல்லாம் இன்னாத்துக்கு சம்மந்தி?"

"ஏன் அண்ணி, நம்ம வூட்டு வழக்கந்தானே?" என்றேன் நான். கொட்டாங்குச்சியைத் தேடி எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

எறும்பு செத்தது. சாகாமல் என்ன செய்யும்? செல்லியம்மாள் எழுந்து கையை நீட்டினாள். "கொயந்தய குடு. நான் எடுத்துக்கினு போறேன். ஆட்டுப்பாலு ஊத்தி வளத்துக்கறேன்."

ராணி குழந்தையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எம் பாலு விசமா அத்த?"

அதுவரை எனக்கு இனித்துக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியில் சுருக்கென்றது. பத்து வயதில் முத்தம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் அம்மாவுக்குத் தெரியாமல் என்னிடம் காட்டிவிட்டுப் போனவள் இந்த ராணி. என் கணக்கு இவளோடு இல்லை.

"அண்ணி, போய் ஆட்டுப்பாலு கொண்டாங்க. இன்னொரு எறும்பும் புடிங்க. ஒங்க கையாலயே வுடுங்க" என்றேன்.

மங்கம்மாள் எறும்பைப் பிடித்து ஆட்டுப்பாலில் விட்டாள். அந்த எறும்பும் காலை உதைத்துவிட்டுச் செத்தது.

"ஆட்டுப்பாலும் விசமா? இதத்தானே எம் பொண்ணுக்கு ஒரு வருசம் ஊத்தினீங்க?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்லியம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையின் நாக்கை விரலால் தூக்கிக் காட்டினேன். அடியில் சவ்வு கயிறு மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது.

"இதுக்கு வைத்தியம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும். இந்த அம்சவல்லி பாலு நல்ல பாலுன்னு சொல்லுங்க."

மங்கம்மாள் தரையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"கேக்கல."

இரண்டாம் தரம் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஆலங்காயம் போனோம். டாக்டர் ஒரே வெட்டுதான் வெட்டினார். இரண்டு சொட்டு ரத்தம். பஞ்சால் ஒற்றிவிட்டு, "மார்ல போடும்மா" என்றார். குழந்தை கவ்வியது. 'டொக் டொக்' இல்லை. மடக் மடக் என்று விழுங்குகிற சத்தம் மட்டும். ராணி அழுதாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சத்தத்தை என் மார்பில் நான் கேட்டதே இல்லை. கோபம் குறையும் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் அது இரண்டு மடங்கானது.

"ஒரு வாரத்துக்கு தினமும் நாக்கைத் தூக்கி விடணும், இல்லைன்னா மறுபடி ஒட்டிக்கும். வெட்டின இடத்துல வெள்ளையாப் படியும். அது சீழ் இல்ல, சுரண்டக் கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ராணி குழந்தையை என்னிடம் நீட்டிவிட்டாள். அந்த வேலை என்னிடம் வந்தது. எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

தினம் காலையில் மங்கம்மாள் வீட்டுக்குப் போவேன். அவள் செம்பில் தண்ணீர் எடுத்து என் கையில் ஊற்ற வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழந்தையைத் தொடாமல் கையை நீட்டிக்கொண்டே நிற்பேன்.

"சொல்லுங்க அண்ணி."

"ஒம் பாலு நல்ல பாலு."

அதற்கப்புறம்தான் விரல் நாக்குக்கு அடியில் போகும். மூன்றாம் நாள் வெள்ளை படிந்திருந்தது. மங்கம்மாள் பதறிப்போய் மஞ்சளைத் தொட்டுக்கொண்டு சுரண்ட வந்தாள். புறங்கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். கையை இழுத்துக்கொண்டாள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்தாம் நாள் ராணி கெஞ்சினாள். "போதும் அத்த, எங்கம்மாவ வுட்ருங்க."

"அவங்க ஒம்போது வருசம் சொன்னாங்க. நான் ஏழு நாளுதான் கேக்கறேன்" என்றேன்.

ஏழாம் நாள் முத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இத்தனை நாளும் இதற்காகத்தான். மங்கம்மாள் செம்போடு வந்தாள்.

"இன்னிக்கு எங்கிட்ட சொல்ல வேணாம். இவகிட்ட சொல்லுங்க."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். என் மகள் பக்கம் திரும்பினாள். "முத்தம்மா, ஒங்கம்மா பாலு நல்ல பாலும்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். எறும்பு எந்தப் பால்ல வுட்டாலும் சாவும்."

என் மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொள்வாள் என்று நின்றேன். அவள் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் பிசகாமல் கேட்டாள்.

"அப்ப ஏம்மா எனக்குக் குடுக்கல?"

இவள்தான் பிடுங்கிக்கொண்டு போனாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாங்குச்சியில் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தது நான். மல்லிகையைக் கட்ட வந்தபோது கையைத் தூக்கிக் காட்டியதும் நான். இரண்டு வீடு தள்ளித்தானே பிள்ளை இருந்தது, ஒரு நாளாவது போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேனா? எறும்பு செத்ததை நானும்தான் நம்பினேன்.

மங்கம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கேலி இல்லை. குனிந்து செம்பை எடுத்தாள். நீட்டியபடியே இருந்த என் கையில் தண்ணீரை ஊற்றினாள்.

"சொல்லுடி" என்றாள்.