ஏழு மணிப் பார்வையாளர்கள்

பக்கத்து வீட்டு நர்சம்மா என் கதவைத் தட்டி, "நாளையிலேர்ந்து காலையில 'பொழுதுக்கு வணக்கம்' பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சியபோது, இவளுக்குக் காய்ச்சல் ஏதாவது இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வீட்டில் அக்கா, தங்கை என்று இரண்டே பேர். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. மூத்தவள் டைப்பிஸ்ட், இளையவள் நர்ஸ். சொத்துக்காகவோ நகைக்காகவோ அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டதில்லை, கேட்காமல் விடுகிற ஆளும் நானில்லை. சண்டையெல்லாம் காலை டிவிக்காகத்தான்.

டைப்பிஸ்டுக்கு 'பொழுதுக்கு வணக்கம்' என்றால் உயிர். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வருவார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், முழங்கால் வலிக்கு வைத்தியம் சொல்வார், நேயர்கள் எழுதியதை நிறுத்தி நிதானமாகப் படிப்பார். நர்சம்மாவுக்கு அதே நேரத்தில் இன்னொரு சேனலில் வரும் 'எழுந்திரு எழுந்திரு'. அதில் ஒரு பையன் கழுத்தில் விசிலோடு குதித்துக்கொண்டே இருப்பான்.

"உன் ஆளு வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்" என்பாள் தங்கை.

"உன் ஆளு பேசறான்னா நினைக்கிறே? குலைக்கறான்டி" என்பாள் அக்கா.

நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். என் சமையலறையில் அடுப்புச் சத்தத்தைவிட இதுதான் தெளிவாகக் கேட்கும். ரிமோட் எப்போதும் அக்கா கையில். தங்கை முணுமுணுத்துக்கொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்ப்பாள்.

போன மழைக்காலத்தில் டைப்பிஸ்ட் இறந்துபோனாள். தூக்கத்திலேயே போய்விட்டாள், யாருக்கும் தொந்தரவில்லை. இனிமேல் சுவருக்கு அந்தப் பக்கம் விசில்தான் என்று நானும் மனதைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் துக்கமெல்லாம் ஆறி, வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகும் ஏழு மணிக்குக் கேட்டது அந்தக் கண்ணாடி அம்மாளின் குரல்தான். ஏன் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடிக்காத குறை.

இப்போது வாசலில் நின்று கெஞ்சுகிறாள். "ஆள் பார்க்கறதில்லைன்னு நிகழ்ச்சிய நிறுத்தப் போறாங்களாம். பேப்பர்ல போட்டிருக்கான். நீங்க பாருங்க, நாலு பேருக்குச் சொல்லுங்க. உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணுமா என்ன?"

இந்தக் கட்டடத்தில் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் வீடு வீடாகக் கேட்கக் கிளம்ப, நானும் கூடவே போனேன். ஆதரவு தேடி அல்ல, வேடிக்கை பார்க்க. கீழ்வீட்டு பிளம்பர், "ரெண்டுமே சரியில்லைங்க. அவன் கத்தறது காத்தடைச்ச குழாய் மாதிரி இருக்கு. இந்தம்மா சொட்டுச் சொட்டா ஒழுகறாங்க" என்றார். மாடிவீட்டுக் கணக்காளர் மூக்கைச் சுருக்கினார். "அந்த நிகழ்ச்சியப் பார்த்தா செடியே தூங்கிடும்மா. அது போகட்டும், நாங்க பார்த்து என்ன ஆகப்போகுது? கம்பெனிக்காரன் சில வீட்ல மட்டும் டிவிக்கு அடியில ஒரு பெட்டி வச்சிருப்பான். யாரு என்ன பார்க்கறாங்கன்னு அதுதான் எண்ணும். பெட்டி இருக்கற ஒரு வீடு, இல்லாத ஆயிரம் வீட்டுக்குச் சமம்."

நர்சம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"உள்ள வாங்க. ஒண்ணு காட்டறேன்."

அவள் வீட்டு டிவிக்கு அடியில் சோப்பு டப்பா அளவுக்குக் கறுப்பாக ஒரு பெட்டி. நெற்றியில் வரிசையாகக் குட்டிக் குட்டி விளக்குகள், ஓரத்தில் ஒரு சின்னத் திரை. அக்கா இருந்தபோதே வைத்ததாம். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்ததால் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. சுவரில் காதை வைத்திருந்த எனக்கே தெரியாமல் இத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விஷயம் சுலபம். வீட்டில் ஆளுக்கொரு நம்பர். டிவி முன்னால் உட்கார்ந்தால் அதற்கென்று கொடுத்த ரிமோட்டில் தன் நம்பரை அழுத்த வேண்டும், பச்சை விளக்கு எரியும். எழுந்தால் மறுபடி அழுத்த வேண்டும், அணைந்துவிடும். விருந்தாளி வந்தால் அதற்கு ஒரு பொத்தான். ஆணா பெண்ணா, வயது என்ன என்று போட வேண்டும். அக்கா ஒன்று, தங்கை இரண்டு.

"அக்கா போனத நான் கம்பெனிக்குச் சொல்லலை. மறந்தே போச்சு" என்றாள். "ஒரு நாள் காலையில டிவியப் போட்டேன். என் பையனைத்தான் போட்டேன், விசில்காரனை. மனசு ஒட்டலை. சேனலை மாத்தினேன். அந்தம்மா வணக்கம்னு சொன்னாங்க. ஒண்ணாம் நம்பர் எரிஞ்சுது."

"நீங்க கை தவறி அழுத்தியிருப்பீங்க."

"பெட்டியோட ரிமோட் அலமாரி மேல இருந்துது."

நான் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

"நிகழ்ச்சி முடிஞ்சா அணைஞ்சிடும். வேற எதுக்கும் வரமாட்டா. சினிமாவுக்கு வரலை, செய்திக்கு வரலை. எனக்காகவும் வரலை. அந்தம்மாவுக்காகத்தான் வரா. நிகழ்ச்சிய நிறுத்திட்டா அவ எதுக்கு வரப்போறா, சொல்லுங்க?"

மறுநாளிலிருந்து கணக்காளர் சொன்ன வழியையே அவள் பிடித்தாள். பெட்டி எண்ணுவதுதானே கணக்கு? ஆட்களைப் பெட்டி முன்னால் உட்கார வைத்துவிட்டால் போயிற்று. முதல் விருந்தாளி நான். என் வயதைக் கேட்டாள். சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஐந்து வயது கூட்டிப் போட்டாள். இரண்டாவது விருந்தாளி பிளம்பரின் மனைவி. காபி கிடைக்கும் என்று வந்தவள்.

ஏழு அடித்தது. கண்ணாடி அம்மாள் கைகூப்பினார். நர்சம்மாவின் இரண்டு கையிலும் காபி டம்ளர்கள். பெட்டியின் ரிமோட் என் கண்ணெதிரே அலமாரி மேல் கிடந்தது. ஒன்றாம் நம்பர் விளக்கு எரிந்தது.

"வா" என்றாள் நர்சம்மா, டம்ளரை நீட்டியபடி. எங்களிடம் சொல்லவில்லை.

இப்படிச் சில நாட்கள் போயின. பயம்கூடப் பழகிவிடுகிறது, காபி நன்றாக இருந்தால். ஒரு நாள் காலை எங்கள் விளக்குகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று எரிந்தது. பெட்டியின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது: விருந்தாளி. பெண். எண்பத்து நான்கு.

"யாரு போட்டது?" என்றேன்.

நர்சம்மா குனிந்து அந்த எழுத்தைப் படித்தாள். பிறகு அவள் முகத்தில் வந்தது பயமில்லை, பெருமை. "அக்கா சும்மா இருப்பாளா? நான் இங்க ஆள் சேர்க்கறேன், அவ அங்க சேர்க்கறா."

மறுநாள் இன்னொன்று. ஆண். அறுபத்தொன்று. என் வீட்டுக்காரர் போனது அந்த வயதில். அவராக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உயிரோடு இருந்தவரை எட்டு மணிக்கு முன்னால் கண்ணைத் திறக்காத மனுஷன், செத்த பிறகா ஏழு மணிக்கு எழுந்து செடி பார்க்கப் போகிறார்? ஆனாலும் அன்றைக்குக் காபியில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்கடுத்த வாரம்: பெண். ஆறு.

பிளம்பர் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். இங்கே குடிவருவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை இருந்து காய்ச்சலில் போனது என்று அரையும் குறையுமாகக் கேள்விப்பட்டிருந்தேன். முழுசாகக் கேட்கும் தைரியம் எனக்கே வந்ததில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் நர்சம்மா கதவைத் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றது அவள்தான்.

விளக்குகள் பெருகிக்கொண்டே போயின. நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம், பெட்டி நெற்றி நிறையப் பச்சையாக மின்னும். அறையில் கூட்டத்தில் இருக்கிற புழுக்கம். மின்விசிறியை வேகமாக வைத்தாலும் போகவில்லை. கண்ணாடி அம்மாள் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், நாங்கள் சிரித்து முடித்த பிறகும் ஒரு நொடி சிரிப்பு மிச்சம் இருப்பது போலத் தோன்றும்.

கம்பெனிக்காரர் ஒரு காலையில் வந்தார். கழுத்தில் அட்டை, தோளில் பை.

"உங்க வீட்ல தினமும் பதினோரு பேர் டிவி பார்க்கறதா வருதும்மா. எங்க அவங்கல்லாம்?"

"உக்காருங்க, ஏழு மணி ஆகட்டும்" என்றாள் நர்சம்மா.

"ஒண்ணாம் நம்பர் யாரு?"

"எங்கக்கா."

"கூப்பிடுங்க, பேசணும்."

"அதான் ஏழு மணி ஆகட்டும்னேனே தம்பி."

ஏழு ஆனது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த ஆள் ரிமோட்டைத் தேடினார். இருந்த இடத்திலேயே இருந்தது. எடுத்து அதிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். பச்சை அப்படியே இருந்தது. எங்கள் மூன்று பேரையும் எண்ணினார், விளக்குகளை எண்ணினார், மறுபடி எங்களை எண்ணினார். கழுத்துப்பட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

"ஒயர்ல ஏதோ கோளாறு" என்றார். அவருக்கே சொல்லிக்கொண்டார் என்றுதான் பட்டது. "அக்கம்பக்கத்து ஆளையெல்லாம் உக்கார வைக்கவும் கூடாதும்மா. பெட்டிய எடுத்துடறேன்."

நர்சம்மா அவர் கையைப் பிடித்தாள். "தம்பி, வேணாம்ப்பா. அவங்க பார்க்கறது நிஜம். வேணும்னா எங்களை எண்ணாதீங்க. அவளை மட்டுமாவது விட்டுடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒயரை இழுத்தார். விளக்குகள் ஒரேயடியாக அணையவில்லை. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக, இடம் காலி செய்கிற மாதிரி அணைந்தன. ஆறு வயது அணைந்தபோது பிளம்பர் மனைவி எழுந்து நின்றாள். ஒயர் அவர் கையில் தொங்கிக்கொண்டிருக்க, ஒன்றாம் நம்பர் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. பெட்டியைப் பையில் திணித்துக்கொண்டு படிகளில் ஓடினார்.

வேடிக்கை என்னவென்றால், நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. மாத முடிவில் கண்ணாடி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர்பாராத இடத்திலிருந்தெல்லாம் நேயர்கள் கூடியிருப்பதாகவும், இன்னும் ஒரு வருஷம் தொடரப்போவதாகவும் சொன்னார். விசில்காரனின் நிகழ்ச்சியைத்தான் மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

நர்சம்மா கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அக்கா வருகிறாளா இல்லையா என்று காட்ட இப்போது விளக்கு இல்லை. தினமும் ஏழு மணிக்கு டிவியைப் போட்டுவிட்டு, பெட்டி இருந்த வெற்றிடத்தையே பார்க்கிறாள். அப்புறம் என் பக்கம் திரும்புகிறாள்.

"வந்திருப்பாளா? என்ன நினைக்கிறீங்க?"

"வராம எங்க போவாங்க" என்கிறேன்.  பிளம்பர் மனைவி இப்போதெல்லாம் தரையில் உட்கார்கிறாள், மடியில் கொஞ்சம் இடம் விட்டு.

"உக்காருங்களேன், ஏன் நிக்கறீங்க?" என்று நர்சம்மா தினமும் கேட்கிறாள். கால் மரத்துப்போயிருக்கிறது, நின்றால் நல்லது என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன். அந்த அறையில் நாற்காலிகள் நிறைய இருக்கின்றன. எது காலி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.