பூட்டாரு

நான் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் அம்பத்தூர் ஓ.டி.யில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. மற்றபடி சாவு ஒன்றும் தெரியவில்லை.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு, மருத்துவ அட்டைக்கு விவரம் எடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. குடும்பத் தலைவர் முனியன் எங்கே என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி அங்கம்மா அரிசி களைந்தபடியே, "அவரா? பூட்டாரும்மா" என்றாளாம். எங்கள் பேச்சில் வெளியே போயிருக்கிறேன் என்று அர்த்தம். வந்தவள் உச்சுக்கொட்டி, செல்போனில் என்னைக் கொன்றுவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். வெயிலுக்குத்தான் உச்சுக்கொட்டினாள் என்று அங்கம்மா நினைத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து அங்கம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி. இந்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அட்டைக்குக் குடும்பத் தலைவர் விரல் வைக்க வேண்டும். வைத்தேன். இயந்திரம் என்னை 'இறந்தவர்' என்றது.

ஆவடி சேவை மையத்தில் இருந்த வரலட்சுமி, 'உயிருடன்' என்று திருத்தி அனுப்பினாள். 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது. மறுபடி திறந்தால் இறந்தவர். நான்கு முறை வெற்றிகரமாக உயிர்த்தெழுந்து நான்கு முறையும் செத்தேன். செம்பரம்பாக்கம் ஏரியில் முதலை மேல் உட்கார்ந்து அக்கரை போனேன் என்று நான் சொன்னதை ஊரே நம்பியது. உயிரோடு இருக்கிறேன் என்றதைத்தான் யாரும் நம்பவில்லை.

என் மகன் ஜீவா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். சாப்பிடும்போது சொன்னேன். பிசைந்த சோற்றை அப்படியே விட்டான். அந்த அட்டை வேலை அவர்கள் கம்பெனியுடையதாம். புரோக்கர்கள் விவரங்களை மாற்றுகிறார்கள் என்று சில கட்டங்களைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டியதே அவன்தானாம். யார் திருத்தி அனுப்பினாலும் சர்வர் மரியாதையாக வாங்கிக்கொள்ளும், வெற்றி என்று சொல்லும், அந்தக் கட்டத்தை மட்டும் தொடாது. அதற்காக அவனுக்குக் கொடுத்த கேடயத்தை அங்கம்மாதான் வாராவாரம் துடைத்து வைக்கிறாள்.

"நீ பூட்னத நீயே தொறயேன்டா" என்றேன்.

"மேல எழுதிப் போட்றேன் நைனா. மூணு மாசம் ஆவும். நானா தொறந்தா என் வேல பூடும்."

"எனுக்கு உசுரே பூட்ச்சேடா."

அவன் சிரிக்கவில்லை. அங்கம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

வரலட்சுமிதான் வழி சொன்னாள். தலைவர் இறந்திருந்தால் மனைவியைத் தலைவி ஆக்கலாம். அந்தக் கட்டம் திறந்தே இருந்தது. புதுப் போட்டோ மட்டும் வேண்டும். பொட்டு வைத்துக்கொண்டு எடுத்த இரண்டு பேரின் மனுவை, விதவையா என்று சந்தேகம் எழுதி மேலே இருப்பவர்கள் திருப்பிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கம்மா தாலியை ரவிக்கைக்குள் தள்ளினாள். பூவை எடுத்துப் பைக்குள் போட்டாள். ஸ்டிக்கர் பொட்டை உரித்து, வைக்க இடம் தேடி, என் கையைத் திருப்பி மணிக்கட்டின் உள்பக்கம் ஒட்டினாள்.

"பொட்ட கீய உட்டுறாத" என்றாள்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வரலட்சுமி பழக்கதோஷத்தில், "சிரிக்காதீங்கம்மா" என்றாள்.

பச்சையில் வெற்றி வந்தது. மறுபடி திறந்து பார்த்தோம். இந்த முறை மாறவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஏறியதும் கையை அவளிடம் நீட்டினேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் மணிக்கட்டில், நரம்பின் மேல், அந்தச் சிவப்புப் பொட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.