ஒரு பிரச்சினையும் இல்லை

சுருவில் கிராமத்துக்கு வெள்ளைக்காரி ஒருத்தி வான் பிடித்து வந்து இறங்கினால் ஊர் சும்மா இருக்குமா? மீனலோசனியின் படலையடியில் வான் நின்று எஞ்சின் ஓய்வதற்கு முன்னமே, பக்கத்து வீட்டுச் சறோஜினிதேவி வேலியில் இருந்த பொட்டு வழியால் இரண்டு நல்ல கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சமாதான நீதவான் சண்முகரத்தினம் மாஸ்ரரின் மனைவி அவள். ஊரில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் முதல் கதிரை அவளுடையதுதான்.

வந்தவர்கள் சுவிஸ் தூதரகத்து ஆட்கள் என்று மீனலோசனிக்குத் தெரியும். மகன் தேனுஜன் பத்து நாளைக்கு முன்பே சொல்லியிருந்தான். அவன் சுவிஸில், அகதிகள் முகாமில் இருந்தான். ஆறு பேருக்கு ஓர் அறை. அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை.

"அம்மா, நான் சொன்னது உண்மையோ எண்டு பாக்க ஆரையும் அனுப்புவினம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. உங்கடை வாயிலைதான் என்ரை விசா கிடக்கு. நம்பாட்டி என்னைத் திருப்பி ஏத்திப் போடுவினம்."

"ஓம் ராசா, சொல்லுறன்."

"இங்கை எல்லாம் வேறை அம்மா. சொன்னா எழுதுவினம். எழுதினா அதைத்தான் நம்புவினம். போன கிழமை பொலிஸ்காரன் ஒருத்தன் எனக்குப் பின்னாலை ஓடி வந்தான். நான் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிண்டன். பாத்தா, நான் விழுத்தின குளோவ்ஸைத் தர வந்திருக்கிறான்."

அன்றைக்கு மீனலோசனி சிரித்தாள். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள்.

பொடியன் செய்த குற்றம் என்ன? படைமுகாமுக்கென்று ஊர்க்காணி அளக்க வந்தவர்களை மறித்து ஊர்ச்சனம் றோட்டில் இருந்தபோது, அவனும் இருந்தான். போனில் படம் பிடித்தான். அவ்வளவுதான். பிறகொரு விடியற்காலை இரண்டு பேர் வந்து, விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தவன் முற்றத்தில் நின்று, சேட்டைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தான். உள்ளே கூட்டிப்போய்க் கழற்றிப் பார்த்தால், முதுகு முழுக்க அடிகாயம். காணியை ஈடு வைத்து அவனை அனுப்பினாள். அனுப்பிய பிறகும் மாதத்துக்கு ஒருமுறை புலனாய்வுக்காரரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"மகன் எங்கை?"

"வெளிநாட்டுக்கு வேலைக்குப் போட்டான் சேர்."

"வேறை ஏதும் பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லை சேர்."

சுதந்திரத்திலிருந்து எண்ணினால், அவளுடைய தகப்பனைவிட இரண்டு வயது இளைய நாடு இது. பிறந்த நாளிலிருந்து காய்ச்சல் விட்டபாடில்லை. கோப்போடு வருகிறவன் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், இங்கே எல்லார் வாயிலும் தயாராக இருக்கும் பதில் இதுதான். உள்ளதைச் சொல்லிக் கெட்டவர்கள் உண்டு, இதைச் சொல்லிக் கெட்டவர்கள் இல்லை என்று மீனலோசனி நினைத்திருந்தாள்.

ஊருக்கு அவள் சொன்ன கதையோ இன்னொன்று. மகனுக்குப் போய் இறங்கிய கையோடு விசா கிடைத்துவிட்டது, பெரிய ஹொட்டேலில் வேலை, நல்ல சம்பளம். பனிக்குள் அவன் நின்று எடுத்த படத்தைக் கோயிலடியில் எத்தனை பேருக்குக் காட்டினாள்! இரவல் ஜக்கெற் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளைக்காரி கதிரையில் இருந்தாள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் நிசாந்தினி கொழும்புக்காரி, மெல்லிய குரல். சறோஜினிதேவி தேத்தண்ணித் தட்டோடு வந்து, கொடுத்து முடிந்தும் போகாமல், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அம்மா, நாங்கள் உங்களோடை தனியாகக் கதைக்கலாமா?" என்று நிசாந்தினி கேட்டாள்.

வாசல் திறந்துதான் கிடந்தது. 'அக்கா, ஒருக்கால் வெளியிலை நில்லுங்கோ' என்று நாலு சொல் சொன்னால் போதும். ஆனால் கதிரை கொண்டுவந்து போட்டவளை, தேத்தண்ணி ஊற்றித் தந்தவளை, வெளியே போ என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்? மறைக்கிறதுக்கு என்னவோ கிடக்கு என்றுதானே?

"அவ எங்கடை ஆள்தான். நிக்கட்டும்," என்றாள் மீனலோசனி. கடவுளே, எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்!

"உங்கள் மகன் ஏன் நாட்டைவிட்டுப் போனவர்?"

மீனலோசனி வாயைத் திறந்தாள். நிலையடியில் சறோஜினிதேவி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மூன்று நாள் அடி வாங்கினவன் என்று இவளுக்கு முன்னால் சொல்வதா? ஹொட்டேல் இல்லை, முகாம் என்று சொல்வதா? மானம் கப்பலேறிவிடாதா?

"உழைக்கத்தான் போனவன்," என்றாள்.

நிசாந்தினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டாள். "அவரை ஆரும் பிடிச்சுக்கொண்டு போனவையா? இப்ப ஆரும் வந்து விசாரிக்கிறவையா? பயப்பிடாமல் சொல்லுங்கோ."

"சீச்சீ! எங்கடை குடும்பத்திலை அப்பிடி ஒருத்தரையும் ஒருத்தரும் தொட்டதில்லை. ஒரு பிரச்சினையும் இல்லை, நாங்கள் நல்லாய் இருக்கிறம். பயத்தம் பணியாரம் எடுங்கோ, நேற்றுத்தான் சுட்டனான்."

வெள்ளைக்காரி பணியாரம் எடுத்தாள். நல்லது என்று தலையை ஆட்டினாள். பிறகு எழுதினாள். அவள் எழுதி முடிக்கும் வரை மீனலோசனி அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். படலை வரைக்கும் கூடப் போனாள். வானுக்குள் ஏறுமுன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சறோஜினிதேவி கூடவே வந்து கை காட்டிக்கொண்டு நின்றாள்.

ஏழு கிழமை கழித்து மறுமொழி வந்தது. தேனுஜன் போன் எடுத்தபோது அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளைக் கொன்றது.

"அம்மா, றிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள். நீங்கள் சொன்னதெல்லாம் இதிலை கிடக்கு. மகன் உழைக்கப் போனவன், ஆரும் தேடேல்லை, தாய் சந்தோசமாய் இருந்தவ, பலகாரம் தந்தவ எண்டு. பலகாரத்தையும் எழுதியிருக்கினம் அம்மா."

மீனலோசனி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நீங்கள் பயந்துதானே அப்பிடிச் சொன்னனீங்கள்? லோயரிட்டை நான் அப்பிடித்தான் சொன்னனான். வந்தது ஆரெண்டு தெரியாமல் அம்மா பயந்திட்டா எண்டு. பயந்துதானே அம்மா?"

"ஓம் ராசா," என்றாள்.

பயமா? பயத்தால் சொல்லியிருந்தால் அவள் வெட்கப்படாமல் தலை நிமிர்ந்து நடந்திருப்பாள். மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பயம், அது உண்மை. அன்றைக்கு அந்த வெள்ளைக்காரியின் முகத்தைப் பார்த்துப் பயப்பட என்ன இருந்தது? கதவு நிலையில் சாய்ந்து நின்ற ஒருத்தி நாளைக்குக் கிணற்றடியில் என்ன சொல்வாள் என்பதற்காக, மீனலோசனி தான் பெற்ற பிள்ளையை விற்றுவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவளுக்கு.

அப்பீலுக்கு முப்பது நாள். தாய் உண்மையை எழுதி, ஏன் முதலில் மாற்றிச் சொன்னாள் என்பதையும் எழுதி, குடும்பத்தை நேரில் அறிந்த ஒரு சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும் என்று லோயர் கேட்டிருந்தார். பக்கத்து வீட்டு மாஸ்ரரிடம் போகக் கூசி, மீனலோசனி பஸ் ஏறி வேலணைக்குப் போய், அங்கே ஒரு சமாதான நீதவானைப் பிடித்தாள். "உங்களை நான் இண்டைக்குத்தானே பாக்கிறன் தங்கச்சி, அறிவன் எண்டு எப்பிடி எழுதுறது?" என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். திரும்பி வந்தாள். இருபத்தாறு நாள் போய்விட்டது. இருபத்தேழாம் நாள் காலமை வேலிப் பொட்டால் குனிந்து போனாள்.

மாஸ்ரர் மேசையில் இருந்தார். சறோஜினிதேவி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன மீனா, முகம் இருண்டு கிடக்கு? இரும்," என்றாள்.

மீனலோசனி இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பிடித்துக்கொண்டு போனது, முதுகு, முகாம், ஆறு பேர், இரவல் ஜக்கெற். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். மாஸ்ரர் கடதாசியை எடுத்துத் திகதி போட்டார்.

"எல்லாம் எழுதலாம். அண்டைக்கு வந்தவையிட்டை ஏன் மாத்திச் சொன்னனீர்? பயத்திலை எண்டு போடட்டோ?"

போடுங்கோ என்றால் முடிந்தது. மகனும் அதைத்தான் சொல்லியிருந்தான். ஆனால் மீனலோசனி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"பயம் இல்லை அண்ணை. அக்கா நிண்டவ. அக்காவுக்குத் தெரியக்கூடாதெண்டு சொன்னனான்."

சுளகு நின்றது. சறோஜினிதேவி எழும்பி வந்து, மீனலோசனியின் கையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினாள்.

"எடியே விசரி! பொடியன் திரும்பி வந்த அண்டைக்கு நோவெண்ணை கேட்டு ஆரின்ரை வீட்டுக்கு வந்தனீர்? இடுப்பு நோ எண்டீர். இடுப்பு நோக்காரி அடுத்த நாள் கிணத்தடியிலை பத்து வாளி தண்ணி அள்ளுவாளே? மோட்டச் சைக்கிள் வாறதும் போறதும் முழு ஊருக்கும் தெரியும். விசா இல்லாததும் தெரியும். நீர் ஹொட்டேல் எண்டு சொல்லேக்கை, பாவம், சொல்லட்டும் எண்டு நாங்கள் தலையை ஆட்டினனாங்கள்."

"அப்ப அண்டைக்கு ஏன் அக்கா ஒண்டும் சொல்லாமல் நிண்டனீங்கள்?"

சறோஜினிதேவியின் கண் கலங்கிவிட்டது. "நீர் மறைக்கிறதை நான் எப்பிடியடி சொல்லுறது? உமக்கு வெக்கமாய்ப் போகாதே?"

மாஸ்ரரின் பேனா கடதாசிக்கு மேலே அப்படியே நின்றது. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொள்வதற்கென்றே கடல் கடந்து வந்தவள் ஒருத்தி மட்டும்தான் தெரியாமல் திரும்பிப் போயிருந்தாள்.