ஒளித்து வைத்த ஜோடிகள்

பெரிய டாக்டர் அதைச் சொன்னது மாடிப்படியிலா, தன் அறையிலா என்று அடித்துச் சொல்ல முடியாது. கதை சொல்கிற எனக்கே அங்கே குழப்பம். சொன்னது மட்டும் உறுதி.

“சுலபமா பொருந்துற ஜோடிங்களை நாமளே முடிச்சுக்கலாம், கணக்கு. சிக்கலானதை மட்டும் பொதுப்பட்டியலுக்கு அனுப்பு.”

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே ‘கணக்கு’தான். சொந்தக்காரருக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தும் ரத்தம் ஒத்துப்போகாமல் நிற்கும் குடும்பங்களை, கொடுப்பவரும் நோயாளியுமாக ஒரு ஜோடி என்று எடுத்து, மாற்றிப் பொருத்துவது அவள் வேலை. இவர் கொடுப்பது அவருக்கு, அவர் கொடுப்பது இவருக்கு. எல்லா ஆஸ்பத்திரிகளும் எல்லா ஜோடிகளையும் பொதுவில் போட்டால் அதிகம் பேர் பிழைப்பார்கள். சுலபமானதை ஒளிக்கிற ஆஸ்பத்திரிக்கோ தன் நோயாளிகள் பிழைப்பதும் நிச்சயம், மற்றவர்கள் போட்டதிலும் பங்கு.

“எல்லாரும் இப்படியே நினைச்சா, டாக்டர்?”

“எல்லாரும் உன்னை மாதிரி கணக்கு படிச்சிருக்காங்களா என்ன?”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் பிறகு அவளை அரித்தது.

ஏனென்றால் பொதுப்பட்டியலில் அவள் தம்பி இருந்தான், அவனுக்காகக் கொடுக்கத் தயாரான அவன் மனைவியோடு. யாருடைய சிறுநீரகத்தையும் எளிதில் ஏற்காத உடம்பு அவனுடையது. மற்ற ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றையும் அனுப்பும், அதில் ஒன்று அமையும் என்று நம்பி, இரண்டு ஜோடிகளை அவள் ஒதுக்கினாள். அவர்களுக்குள்ளேயே மாற்றி அறுவை சிகிச்சை முடிந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பொதுப்பட்டியலில் பொருத்திப் பார்த்த சுற்றின் முடிவு வந்தது. தம்பிக்கு ஒரு பொருத்தம்கூட இல்லை.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்க்கும் மீசைக்காரரை ஃபோனில் பிடித்தாள்.

“மீசை சார், ஒளிக்காம சொல்லுங்க. எத்தனை ஒளிச்சீங்க?”

அவர் திருப்பிக் கேட்டார். “நீங்க?”

“ரெண்டு ஜோடி.”

“நாங்களும் ரெண்டு. நீங்கதான் நியாயஸ்தராச்சே, எல்லாத்தையும் அனுப்பிடுவீங்கன்னு உங்களை நம்பித்தான்மா.”

ஒளிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, இருவரும் ஒளித்தவற்றைச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். மூன்று குடும்பங்கள் வட்டமாகப் பொருந்தின. மீசைக்காரர் ஒளித்தவர்களில் ஒருவர் கொடுப்பது தம்பிக்கு; தம்பி மனைவி கொடுப்பது இவள் ஒளித்த நோயாளிக்கு; அந்த நோயாளியின் அண்ணன் கொடுப்பது மீசைக்காரரின் நோயாளிக்கு.

“தம்பிக்குக் கொடுத்திருக்க வேண்டிய அந்த ஆளு...” என்றாள்.

“நேத்தே ஆபரேஷன் முடிஞ்சு போச்சும்மா.”

டயாலிசிஸ் அறையில் தம்பி குழாய்களோடு படுத்திருந்தான். “என்னக்கா, உன் கணக்கு காலை வாரிடுச்சா?”

“அடுத்த சுத்துல கிடைச்சிடும்ல, அண்ணி?” என்றாள் அவன் மனைவி.

பொய் நுனிநாக்கில் இருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

“உங்க தம்பி பேர் அதுல இருக்குன்னு தெரிஞ்சுமா?” என்றாள் அவன் மனைவி. அண்ணி என்று சொல்லவில்லை.

அடுத்த சுற்றுவரை தம்பி இருக்கவில்லை. அவள் ஒதுக்கியவர்கள் நலமாக இருக்கிறார்கள். மீசைக்காரர் வேலையை விட்டார். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். ஜோடிகளை ஒளிக்கக் கூடாது என்று விதி வந்தது. தம்பி மனைவி தன் அம்மா வீட்டோடு போய்விட்டாள். கணக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து பொருத்திக்கொண்டிருக்கிறாள்.