சுண்டுவிரல் பக்கத்து நரம்பு

"காலை மேல தூக்கி வெளிப்பக்கமாத் திருப்புங்க" என்றார் டாக்டர் சிவசுப்பிரமணியன். மன்சூர் அலி பல்லைக் கடித்துக்கொண்டு இடது பாதத்தைத் திருப்பினான். தகரம் விழுந்து கிழித்துத் தையல் போட்டிருந்த இடத்துக்குக் கீழே டாக்டர் தடவித் தடவிப் பார்த்தார். "சுண்டுவிரல் பக்கம் ஒரு நரம்பு கயிறு மாதிரி எழும்பணும். காணோம். தகரம் அதையும் சேத்து அறுத்துடுச்சு. நாளைக்குக் காலையில திறந்து தச்சுடலாம். அப்புறம் ஆறு வாரம் மாவுக்கட்டு."

ஆறு வாரம் என்றதும் மன்சூரின் முகம் தொங்கிப்போயிற்று. வெள்ளிக்கிழமை அவனுக்குப் பம்பாய் ரயில், அங்கிருந்து துபாய். விசா அந்த மாதத்தோடு முடிகிறது. காரைக்காலில் அவனோடு படித்தவர்கள் எல்லாம் கடல் கடந்து சம்பாதிக்கிற சபுராளிகளாகி, வருஷத்துக்கொரு தரம் சென்ட் மணக்க வந்து போகிறார்கள். அவன் மட்டும் முப்பது வயதுவரை மாமாவின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் நின்ற உம்மு சல்மாவுக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கல்யாணமாகி நாலு மாதம்தான். கட்டினவன் கால் அறுபட்டுக் கிடக்கச் சந்தோஷப்படுகிற பொண்டாட்டி உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று வெட்கமாயிருந்தது. வெட்கப்பட்டால் சந்தோஷம் குறைந்துவிடுமா என்ன?

மத்தியானம் ஆஸ்பத்திரியில் பொழுது போகாமல் தன் காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். நரம்பு சொன்ன பேச்சுக் கேட்டு எழும்பியது. பிறகு அவனுடைய நல்ல காலுக்கு எண்ணெய் தேய்க்கையில், "மச்சான், இந்தக் காலையும் அப்படித் திருப்புங்க" என்றாள். ஏதோ விளையாடுகிறாள் என்று அவனும் திருப்பினான். அழுத்தித் தேடினாள். அதிலும் நரம்பு இல்லை.

அடிபடாத காலிலேயே இல்லையென்றால், அடிபட்ட காலில் மட்டும் அறுபட என்ன இருந்திருக்கும்? அவளுக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

மறுநாள் காலை நர்ஸ் வந்து அவன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி மழித்தாள். பின்னாலேயே டாக்டரும் வந்தார். "டாக்டர், பழையபடி நடக்க வருமுல்ல?" என்று மன்சூர் கேட்டான். இல்லாத ஒன்றைத் தேடி இந்தக் காலைக் கீறப்போகிறார்கள் என்று நினைத்தபோது சல்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"டாக்டர், அந்த நல்ல காலையும் ஒரு தரம் பாத்துடுங்க" என்றாள்.

டாக்டர் பார்த்தார். இரண்டு பாதங்களையும் தன் கைக்கு எதிராகத் தள்ளச் சொல்லிப் பார்த்தார். பிறகு அசடு வழியச் சிரித்தார். "சில பேருக்குப் பொறப்புலேயே இந்த நரம்பு இருக்காதும்மா. இல்லாததால ஒரு குறையும் இல்ல. நான்தான் முதல்லயே ரெண்டு காலையும் பாத்திருக்கணும். வெறும் தோல் தையல்தான். தாராளமாப் பயணம் போகலாம்."

அவர் போனதும் மன்சூர் அவளையே பார்த்தான்.

"நேத்து எண்ணெய் தேச்சப்பவே தெரியுமா?"

"தெரியும்."

வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள். கட்டுப் போட்ட காலுக்கான செருப்பை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். வீட்டுக்கு நாலு தெருதான். கால் இன்னும் வேகமாகப் போக விட்டிருக்கும். அவன்தான் மெல்ல, மெல்ல நடந்தான்.